ஐந்து கோல் தூரம்

போன வருஷம் ஆகஸ்ட்ல இதே இதழில் ஆர்சனல் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: "தனியா ஒரு ஸ்ட்ரைக்கர் தேவையே இல்லை, ஹாவெர்ட்ஸ் போதும்." அந்த வரியை என் ரூம்மேட் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தான். பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் ஹாவெர்ட்ஸுக்குத் தொடைப் பின்தசை கிழிஞ்ச செய்தி வந்த ராத்திரி, அதை எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே ஒரு வார்த்தை கூட எழுதலை. ஏதாவது எழுதியிருந்தா கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

அதனால இந்த வருஷக் கட்டுரையை ஒரு ரீவேல்யுவேஷன் மாதிரி எடுத்துக்கங்க. போன தடவை எங்கே தப்புப் பண்ணினேன், இந்தத் தடவை அணி உண்மையிலேயே எப்படி இருக்கு, ஆகஸ்ட் 17 ராத்திரிக்கு முன்னாடி எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம், அவ்வளவுதான் விஷயம். கால்பந்து பாக்காதவங்களும் படிக்கிற மாதிரி எழுதப் பாக்குறேன். போன கட்டுரையைப் படிச்சிட்டு எங்க துறை ஜூனியர் ஒருத்தன் "அண்ணா, பாதிக்கு மேல பேரா மட்டுமே இருந்துச்சு"ன்னு சொன்னான். நியாயமான புகார்.

முதல்ல ஒரு தேதி. ஆர்சனல் கடைசியா பிரீமியர் லீக் ஜெயிச்சது 2003-04 சீசன். அந்த சீசன் 2004 மே 15-ல் முடிஞ்சது. நான் பிறந்தது 2004 ஜூன். ஒரு மாசத்தில் தவறவிட்டிருக்கேன். அதுக்கப்புறம் இந்த 21 வருஷத்தில் ஒரு தடவை கூட இல்லை. பள்ளியில் கூட இருந்த பசங்க சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் மாறிட்டாங்க. மாறினவங்க எல்லாம் கோப்பையைப் பாத்துட்டாங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பிரீமியர் லீகில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒண்ணு, வெளியில் ஒண்ணுன்னு மொத்தம் 38 ஆட்டம் ஆடும். ஜெயிச்சா 3 புள்ளி, டிரா ஆனா 1, தோத்தா பூஜ்யம். இறுதிப் போட்டி எல்லாம் கிடையாது. மே மாசம் யார் மேல இருக்காங்களோ அவங்க சாம்பியன். ஐபிஎல் மாதிரி நாலாவதா வந்துட்டு ப்ளேஆஃப்ல கோப்பை தூக்குற வேலை இங்கே நடக்காது.

ஆர்சனல் தொடர்ந்து மூணு வருஷமா இரண்டாம் இடம். 2022-23-ல் 84 புள்ளி, சிட்டி 89. 2023-24-ல் 89 புள்ளி, சிட்டி 91. 2024-25-ல் 74 புள்ளி, லிவர்பூல் 84. மூணும் ஒரே இடம்தான், ஆனா மூணும் வேற வேற கதை. முதல் வருஷம் 248 நாள் முதலிடத்தில் இருந்துட்டுக் கடைசியில் விட்டாங்க. மார்ச்ல சலிபாவுக்கு முதுகில் அடிபட்டது, அவருக்குச் சமமான மாற்று ஆள் இல்லை, பின்வரிசை மொத்தமா ஆட்டம் கண்டது. இரண்டாவது வருஷம் உண்மையிலேயே நல்லா ஆடினாங்க. 91 கோல் அடிச்சு 29 மட்டும் வாங்கினாங்க, கடைசி 18 ஆட்டத்தில் 16 வெற்றி. சிட்டி இன்னும் கொஞ்சம் நல்லா ஆடிட்டாங்க, வேற என்ன சொல்றது. மூணாவது வருஷத்தைத்தான் நாம பிரிச்சுப் பாக்கணும்.

அதே நாலு தோல்வி

போன சீசன் லிவர்பூல்: 25 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி. ஆர்சனல்: 20 வெற்றி, 14 டிரா, 4 தோல்வி. இன்னொரு தடவை படிங்க. தோல்வி ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. சாம்பியன் எத்தனை தடவை தோத்தாங்களோ, அத்தனை தடவைதான் நாங்களும் தோத்தோம். லிவர்பூல் வாங்கின கோல் 41, ஆர்சனல் வாங்கினது 34. அதாவது தடுப்பாட்டத்தில் நாங்கதான் மேல. ஆனா லிவர்பூல் அடிச்சது 86, ஆர்சனல் அடிச்சது 69. பத்துப் புள்ளி வித்தியாசம் முழுக்க அந்த டிராக்களுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு.

14 டிராவில் வெறும் ஐந்தை வெற்றியா மாத்திப் பாருங்க. 25 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி, 84 புள்ளி. ஒரு டிராவை வெற்றியா மாத்த ஒரு கோல் போதும். ஆக ஐந்து ஆட்டத்தில் ஐந்து கோல். பத்து மாசம், 38 ஆட்டம், கடைசியில் தூரம் அவ்வளவுதான்.

உடனே "டிராதான் வில்லன்"னு முடிவு பண்ணிடாதீங்க. 2003-04-ல் ஒரு ஆட்டம் கூடத் தோக்காம ஜெயிச்ச ஆர்சனல் அணி 26 வெற்றி, 12 டிரா. அவங்களும் நிறைய டிரா பண்ணினவங்கதான். தோல்வி பூஜ்யம்ங்கிறதால தாங்கிச்சு. நாலு தோல்வியை வச்சுக்கிட்டு 14 டிராவைத் தாங்க முடியாது.

அந்த 14 எப்படி வந்ததுன்னு சீசன் முடிஞ்சதும் ஒரு நோட்டில் எழுதிப் பாத்தேன் (மெஷின் டிசைன் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்கள், சார் மன்னிக்கணும்). சிலது பத்துப் பேரா ஆடினதால வந்தது. லீகில் மட்டும் ஆறு சிவப்பு அட்டை, அதில் ஒண்ணு பிறகு ரத்தானது. பிரைட்டனோட ஆட்டத்தில் ரைஸ், சிட்டியோட ஆட்டத்தில் ட்ரொஸ்ஸார்ட், ரெண்டு பேருமே பந்தைத் தேவையில்லாம உதைச்சு ரெண்டாவது மஞ்சள் வாங்கினாங்க. அந்த ரெண்டு ஆட்டமும் டிரா. சிட்டி ஆட்டத்தில் 98-வது நிமிஷம் வரைக்கும் 2-1 முன்னிலை. அதுக்கப்புறம் ஸ்டோன்ஸ் சமன் பண்ணினார். அன்னிக்கு நான் மெஸ்ல ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

சிலது முன்னிலையை விட்டதால வந்தது. ஆஸ்டன் வில்லாவோட 2-0-ல் இருந்து 2-2. மிச்சம் எல்லாம் ஒரே நோய்: பந்து நம்ம கால்ல, எதிரணி பத்துப் பேரும் கோலுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தாச்சு, உடைக்க ஆள் இல்லை. எவர்ட்டனோட 0-0, 1-1. ஃபாரெஸ்ட்டோட 0-0.

உடைக்க வேண்டியவங்க எல்லாம் மருத்துவமனையில் இருந்தாங்கங்கிறதும் உண்மை. டிசம்பர்ல சாக்காவுக்குப் பின்தொடைத் தசை, திரும்பி வந்தது ஏப்ரல் 1. ஜனவரியில் ஜெசூஸுக்கு முழங்கால் தசைநார். பிப்ரவரி தொடக்கத்தில் மார்ட்டினெல்லி, அடுத்த வாரமே ஹாவெர்ட்ஸ். பிப்ரவரி 15-ல் லெஸ்டரோட ஆட்டத்தில் நடுவரிசை ஆளான மெரினோவை ஸ்ட்ரைக்கரா இறக்கினாங்க. அவர் ரெண்டு கோல் அடிச்சு ஜெயிக்க வச்சார், அது வேற விஷயம். ஆனா வீட்ல ஃபேன் கெட்டுப்போய் மிக்ஸி மோட்டாரைக் கழட்டி மாட்டி ஓட்டின மாதிரிதான் இருந்தது. அந்த சீசன் லீகில் அணியின் அதிகபட்ச கோல்காரர், பிப்ரவரியோட கிட்டத்தட்டக் காணாமப் போன ஹாவெர்ட்ஸ்தான். 9 கோல். பட்டத்துக்குப் போட்டி போடுற அணியின் முதல் கோல்காரர் 9.

என் தப்பு எங்கேன்னா, நான் ஹாவெர்ட்ஸ் நல்ல ஆட்டக்காரரான்னு மட்டும் பாத்தேன். நல்லவர்தான், இப்பவும் சொல்றேன். அவர் உடைஞ்சா என்ன ஆகும்னு பாக்கலை. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பாக்காம விட்டதை நினைச்சா வெட்கமா இருக்கு. பாலம் கட்டுறவன் சராசரி லாரிக்குக் கணக்குப் போட மாட்டான். ஒரே நேரத்தில் நாலு லாரி வந்து நின்னா தாங்குமான்னுதான் பாப்பான். அணியைப் படிக்கிறதும் அப்படித்தான். முதல் பதினொரு பேரை எல்லாரும் படிக்கிறாங்க. சீசனை முடிவு பண்றது பன்னிரண்டுல இருந்து இருபது வரைக்கும் இருக்கிறவங்க.

பின்னாடி இருந்து முன்னாடி

கோல்கீப்பர் ராயா பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்லை. 2023-24-ல் 16 ஆட்டம் கோல் வாங்காம இருந்தார், போன சீசன் 13. ரெண்டு தடவையும் கோல்டன் க்ளவ் (ரெண்டாவது ஃபாரெஸ்ட் கீப்பர் செல்ஸோட பங்கு). அவருக்கு மாற்றா செல்சியில் இருந்து கெப்பா வந்திருக்கார். 2018-ல் 71 மில்லியன் பவுண்டுக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த கோல்கீப்பரா செல்சிக்குப் போனவர், இப்போ சுமார் 5 மில்லியனுக்கு நம்மகிட்ட. வாழ்க்கை.

நடுத் தடுப்பில் சலிபா, கேப்ரியல். என் கணிப்பில் இப்போதைக்கு இதைவிட நல்ல ஜோடி இங்கிலாந்தில் இல்லை. கேப்ரியல் தடுப்பாளர் மட்டும் இல்லை, கார்னர் வந்தா அவர்தான் நம்ம முதல் ஆயுதம். 2023-24-ல் ஆர்சனல் கார்னரில் இருந்து மட்டும் 16 லீக் கோல் அடிச்சு பிரீமியர் லீக் சாதனையைச் சமன் பண்ணினது. அதுக்குன்னே நிக்கோலஸ் ஜோவர்னு தனிப் பயிற்சியாளர் இருக்கார். கார்னர் கிடைச்சா அவர் எழுந்து கோட்டுக்கு வருவார், மைதானமே கத்தும். கோல் அடிச்சவரைக் கொண்டாடுவாங்க, பயிற்சியாளரைக் கொண்டாடுவாங்க, கார்னருக்கு வரைபடம் போடுறவரைக் கொண்டாடுற கூட்டத்தை நான் வேற எங்கேயும் பாத்ததில்லை. டிசைன் ஆட்களுக்கு இந்த மரியாதை நம்ம ஊரு கம்பெனிகள்ல கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

போன ஏப்ரலில் கேப்ரியல் அடிபட்டு சீசன் முடியறவரை வெளியில் இருந்தார். கிவியோர் சமாளிச்சார், மோசம்னு சொல்ல மாட்டேன். இந்த வருஷம் வலென்சியாவில் இருந்து மோஸ்கெரா வந்திருக்கார். ஒப்பந்தத்தில் ஒரு வருஷமே மிச்சம் இருந்ததால சுமார் 13 மில்லியன் பவுண்டுக்குக் கிடைச்சார். இவர் பிறந்தது 2004 ஜூன். ஆமா, என் வயசு, என் மாசம். அவர் இப்போ ஹாலண்டை எப்படி நிறுத்துறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பார். நான் ரெண்டு ரயில் எதிரெதிரா வந்தா எத்தனை மணிக்குச் சந்திக்கும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

வலது பக்கம் டிம்பர், பென் வைட். இடது பக்கம் லூயிஸ்-ஸ்கெல்லி, கலஃபியோரி. நாலு பேரும் உடம்போட இருந்தா கவலையே இல்லை. லூயிஸ்-ஸ்கெல்லிக்கு இன்னும் 19 ஆகலை. நடுவரிசையில் வளர்ந்தவரை இடது பின்வரிசையில் போட்டதும், அங்கேயே பல வருஷம் ஆடினவர் மாதிரி ஆடினார். பந்து நம்ம கிட்ட இருக்கும்போது அவர் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்திடுவார். இதனால நடுவரிசையில் ஒரு ஆள் கூடும், ஆனா இடது ஓரம் காலியா இருக்கும். இந்தக் காலி இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்.

நடுவரிசைதான் இந்தக் கோடையில் அதிகமா மாறின இடம். ஜோர்ஜினியோவும் பார்ட்டியும் ஒப்பந்தம் முடிஞ்சு போயாச்சு. சுபிமெண்டி வந்திருக்கார், ரியல் சோசியடாடில் இருந்து, 50 மில்லியன் பவுண்டுக்கும் மேல். போன வருஷம் லிவர்பூல் கூப்பிட்டப்போ வர மாட்டேன்னு சொன்னவர். யூரோ 2024 இறுதியில் ரோட்ரி அடிபட்டதும் இடைவேளையில் உள்ளே வந்து மிச்ச ஆட்டத்தைக் கொண்டு போனவர் இவர்தான். இவர் தடுப்பாளர்களுக்கு முன்னாடி நின்னு பந்தை வாங்கிக் கொடுத்தா, ரைஸ் மேலே போகலாம். ரைஸ் மேலே போனா என்ன ஆகும்னு ரியல் மாட்ரிடைக் கேளுங்க. அதுவரைக்கும் தொழில்முறை வாழ்க்கையில் நேரடி ஃப்ரீ கிக் கோலே அடிக்காதவர், ஒரே ராத்திரியில் ரெண்டு அடிச்சார்.

கூடவே பிரெண்ட்ஃபோர்ட் கேப்டனா இருந்த நோர்கார்ட். 31 வயசு. இந்த வாங்கலைப் பாத்து யாரும் துள்ளிக் குதிக்கலை. எனக்கு என்னவோ ரொம்பப் பிடிச்சது. ஜனவரி மாசம், மழை, வெளியூர் மைதானம், கடைசி இருபது நிமிஷம் 1-0-ஐக் காப்பாத்தணும்னா இப்படி ஒரு ஆள்தான் வேணும். போன வருஷம் அந்த ஆள் இல்லை.

ஓடகார்ட் பத்தி எனக்கு உண்மையிலேயே கவலை. கேப்டன், 2022-23-ல் லீகில் 15 கோல். போன சீசன் 3. செப்டம்பரில் நார்வேக்காக ஆடும்போது கணுக்காலில் அடிபட்டது, திரும்பி வந்தவர் பழைய ஓடகார்ட் மாதிரி இல்லை. மார்ட்டினெல்லியும் 2022-23-ல் 15, அதுக்கப்புறம் 6, 8. "ஸ்ட்ரைக்கர் இல்லை, ஸ்ட்ரைக்கர் இல்லை"ன்னு மூணு வருஷமா நாங்க கத்தினதில், இந்த ரெண்டு பேர்கிட்ட இருந்து மட்டும் இருபது கோல் வரை குறைஞ்சதை யாரும் சரியா எண்ணலைன்னு நினைக்கிறேன். மேலே சொன்ன ஐந்து கோல் இங்கேயே கிடந்திருக்கு.

பதினாலாம் நம்பர்

இப்போ எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்துக்கு வந்தாச்சு. விக்டர் யோகெரெஷ். முதல் எழுத்தா ஜி இருக்கும், ஆனா சொல்லக் கூடாதாம். ஸ்வீடன்காரர், 27 வயசு, லிஸ்பன் ஸ்போர்ட்டிங்கில் இருந்து சுமார் 55 மில்லியன் பவுண்டு, மேற்கொண்டு போனஸ் தனி. போன சீசன் எல்லாப் போட்டியும் சேர்த்து 52 ஆட்டத்தில் 54 கோல். போர்ச்சுகல் லீகில் மட்டும் 33 ஆட்டத்தில் 39. சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா ஹாட்ரிக். அவர் வாங்கியிருக்கிறது 14-ம் நம்பர் சட்டை, ஆன்ரி போட்டது. கேட்டு வாங்கற தைரியம் இருக்கு, அது பிடிச்சிருக்கு.

ஒரு வேடிக்கை. கோல் அடிச்சதும் விரல்களைக் கோர்த்து முகத்தை முகமூடி மாதிரி மூடிக்கிறது அவர் வழக்கம். போன நவம்பரில் லிஸ்பனில் போய் ஆர்சனல் 5-1-னு ஜெயிச்சப்போ, கேப்ரியல் கோல் அடிச்சுட்டு அவர் முன்னாடியே அதே முகமூடியைப் போட்டுக் காட்டினார். இப்போ ரெண்டு பேரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூம். முதல் நாள் என்ன பேசியிருப்பாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

சந்தேகங்களுக்கு வருவோம். போர்ச்சுகல் லீகில் அடிக்கிற கோலுக்கு இங்கிலாந்தில் என்ன மதிப்பு? டார்வின் நூனியெஸ் 2021-22-ல் பென்ஃபிகாவுக்காக 28 லீக் ஆட்டத்தில் 26 கோல் அடிச்சுட்டு லிவர்பூல் வந்தார். மூணு சீசனில் ஒரு தடவை கூட லீகில் 11-ஐத் தாண்டலை. இப்போ சவுதி போயாச்சு. யோகெரெஷுக்குச் சாதகமா சொல்லணும்னா, இவருக்கு இங்கிலாந்து புதுசு இல்லை. கோவென்ட்ரிக்காக இரண்டாம் அடுக்கு லீகில் 2022-23-ல் 21 கோல் அடிச்சிருக்கார், அந்த உதையெல்லாம் வாங்கி வளர்ந்தவர்.

என் பெரிய கேள்வி வேற. ஸ்போர்ட்டிங்கில் அவர் ஆடினது எப்படின்னு யூட்யூப்ல பாருங்க. பெரும்பாலும் முன்னாடி திறந்த இடம் இருக்கும். பந்தைத் தூக்கிப் போடுவாங்க, இவர் தடுப்பாளரைத் தோளால் தள்ளிட்டு ஓடுவார், அடிப்பார். ஆர்சனல் ஆடுற பாதி ஆட்டத்தில் முன்னாடி இடமே இருக்காது. நெடுஞ்சாலையில் நூத்தி இருபதுல பறக்குற வண்டியை வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு ட்ராஃபிக்கில் விட்ட மாதிரி. வண்டி நல்ல வண்டிதான். ரோடு?

இங்கேதான் அந்த இடது ஓரக் காலி இடம் திரும்ப வருது. யோகெரெஷ் இடது பக்கமா நகர்ந்து ஓடறதை விரும்புறவர். இடது பின்வரிசை ஆள் நடுவுக்குப் போயிட்டா, அந்த ஓரத்தில் ஒரு வேகமான ஆளும் ஸ்ட்ரைக்கரும் இடத்தை மாத்தி மாத்தி எடுத்துக்கலாம். வேலை செஞ்சா பிரமாதமா இருக்கும். ஆனா அந்த வேகமான ஆள் யார்? மார்ட்டினெல்லி ஓட இடம் இருந்தாத்தான் மார்ட்டினெல்லி. ட்ரொஸ்ஸார்ட் நெருக்கடியில் நல்லவர், ஆனா வயசு 30, முழு சீசன் தாங்க மாட்டார். வலது பக்கத்தில் சாக்கா இருக்கிற தரத்துக்கு இடது பக்கத்தில் யாருமே இல்லை. என்னைக் கேட்டா, இந்த அணியின் ஓட்டை ஸ்ட்ரைக்கர் இடத்தில் இருந்து ஒரு பத்து மீட்டர் இடது பக்கம் நகர்ந்திருக்கு, அடைபடலை. சந்தை செப்டம்பர் 1 ராத்திரி வரைக்கும் திறந்திருக்கு. வதந்திக்குப் பஞ்சம் இல்லை. யாராவது வந்துட்டா இந்தப் பத்தி பழசாகிடும், எனக்கும் சந்தோஷம்தான்.

மடுவேகே வந்திருக்கார்ல, அவரை மறக்கலை. செல்சியில் இருந்து சுமார் 48 மில்லியன். வர்றதுக்கு முன்னாடியே வேண்டாம்னு நம்ம ரசிகர்கள் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டாங்க. 23 வயசுப் பையன், புது இடத்தில் சேருறான், நாம செய்ற வரவேற்பு இது. விலை அதிகம்னு சொல்லலாம், ஆட்டத்தைத் திட்டலாம், ஆனா அது அசிங்கம். அணியில் அவர் வேலை தெளிவா இருக்கு: சாக்காவை ஐம்பது ஆட்டம் ஓட விடாம, முப்பத்தஞ்சு நல்ல ஆட்டம் ஆட விடணும். போன டிசம்பர் நடந்தது திரும்ப நடக்கக் கூடாதுன்னா இந்தக் காசு தேவைதான்.

இவ்வளவு காசு எங்கே இருந்து

இந்த ஒரு கோடையில் செலவு 190 மில்லியன் பவுண்டுக்கு அருகில். "கணக்குக் கேட்க ஆளே இல்லையா"ன்னு எங்க அப்பா கேட்டார். இருக்கு. பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூணு வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. ஆனா ஒரு ஆட்டக்காரரின் விலையை ஒரே வருஷத்துச் செலவா எழுத மாட்டாங்க. ஒப்பந்த காலத்தால் வகுத்து எழுதுவாங்க, ஐந்து வருஷம் வரைக்கும். யோகெரெஷுக்கு 55 மில்லியன், ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆக வருஷத்துக்கு 11. பைக்குக்கு இ.எம்.ஐ. கட்டுற மாதிரின்னு வச்சுக்கங்க. விக்கும்போது வர்ற லாபத்தை மட்டும் அந்த வருஷமே முழுசா எழுதிக்கலாம். அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கின விலையே இல்லை, அதனால விக்கிற பணம் முழுக்க லாபம். போன கோடையில் ஸ்மித் ரோவும் நெகேட்டியாவும் போனதுக்கு இதுவும் ஒரு காரணம். சின்ன வயசுல இருந்து கிளப்பில் இருக்கிற பசங்களை வித்தா அதிக லாபம்னு ஒரு விதி இருக்கிறது எனக்கு ஒப்பலை. ஆனா விதி அப்படித்தான்.

இன்னொரு விதியும் அணியைத் தீர்மானிக்குது. பட்டியலில் அதிகபட்சம் 25 பேர். அதில் 17 பேருக்கு மேல் வெளியில் வளர்ந்தவங்க இருக்கக் கூடாது. இங்கே "உள்ளூர்"ங்கிறது பாஸ்போர்ட் இல்லை, 21 வயசுக்குள்ள மூணு வருஷம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகி இருந்தா போதும். ராயா ஸ்பெயின்காரர், ஆனா 16 வயசுலயே பிளாக்பர்ன் வந்ததால உள்ளூர்க் கணக்கு. 2004 ஜனவரி 1-க்கு அப்புறம் பிறந்தவங்களுக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை. அதனால மோஸ்கெரா, நுவானெரி, லூயிஸ்-ஸ்கெல்லி எல்லாம் இலவச சீட்டு. சிங்கப்பூரில் நியூகாசிலோட ஆடின நட்பு ஆட்டத்தில் பெனால்டி வாங்கித் தந்த மேக்ஸ் டௌமனும் அப்படித்தான். அவருக்கு வயசு 15. பத்தாம் வகுப்பு.

என் கணக்கு

லிவர்பூல் சாம்பியனா இருந்துக்கிட்டே விர்ட்ஸ், எகிடிகே, கெர்கெஸ், ஃப்ரிம்பாங்னு வாங்கியிருக்காங்க. ஜூலையில் ஜோட்டாவை இழந்த அணி அது. அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இந்த வருஷம் என்ன நடக்கும்னு கோல் கணக்கு வச்சுச் சொல்ல நான் தயாரா இல்லை. சிட்டி கண்டிப்பா போன வருஷம் மாதிரி இருக்க மாட்டாங்க. செல்சி கிளப் உலகக் கோப்பை ஜெயிச்சுட்டு வந்திருக்காங்க, ஆனா பசங்க ஓய்வே எடுக்கலை.

நமக்கு வந்த அட்டவணை கொடூரம். முதல் ஆறில் ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட், ஆன்ஃபீல்டில் லிவர்பூல், நம்ம மைதானத்தில் சிட்டி, வெளியில் நியூகாசில். செப்டம்பர் கடைசியில் பட்டியலைப் பாத்துட்டு யாரும் பதற வேண்டாம். நான் பதறுவேன், அது வேற.

கணிப்பைப் பேனாவாலேயே எழுதறேன், பென்சில் வேண்டாம். யோகெரெஷ் லீகில் 17 கோல். சாக்கா 15. கோல் வாங்கறது 32. இந்தத் தடவை முன்வரிசையில் ரெண்டு பேர் விழுந்தா தாங்கும், மூணு பேர் விழுந்தா தாங்காது. போன வருஷம் ஒருத்தர் விழுந்தாலே ஆடிப் போயிருந்தோம். 25 வெற்றி, 8 டிரா, 5 தோல்வி, 83 புள்ளி. ரசிகனா எனக்கு அது முதலிடம்னு எழுத ஆசை. இடது பக்கம் ஆள் வராம இதே அணியோட போனா, மறுபடியும் இரண்டாவதுன்னுதான் என் கணக்கு சொல்லுது. ஆள் வந்தா, இல்லை ஓடகார்ட் பழையபடி பத்துக் கோல் அடிச்சா, முதலிடம். ரூம்மேட், இந்தப் பத்தியை முழுசா ஸ்க்ரீன்ஷாட் எடுடா, ஒரு வரியை மட்டும் வெட்டாதே.

மே மாசம் சீசன் முடியும்போது நான் இந்த விடுதியில் இருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ப்ராஜெக்ட் வைவா முடிஞ்சு அறையைக் காலி பண்ணியிருப்போம். மூணு வருஷமா அந்த டிவி அறையில்தான் மூணு இரண்டாம் இடத்தையும் பாத்தேன். நாலாவதைப் பாதியில் விட்டுட்டுப் போகணும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, ராத்திரி 9 மணி, மான்செஸ்டர் யுனைடெட். சுதந்திர தின லீவோட சேர்த்து பாதிப் பேர் ஊருக்குப் போயிடுவீங்க, நான் போகலை, திங்கள் காலை எட்டரைக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் தேர்வு இருக்கு. இருக்கிற யுனைடெட் பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். போன தடவை மாதிரி ரிமோட்டை வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க, வார்டன் என்கிட்டதான் கேக்குறார்.